கோரிக்கை எங்கே காத்திருக்கிறது? இணையச் செயலிக்கு வரும் கோரிக்கைகளைக் கையாளும் நான்கு வழிகள்

மே மாதத்தில் கடல் அடங்கியதும் உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் மாலைப் பொழுதுகள் ஒரே விதமாக அமைந்துவிடுகின்றன. மறுநாள் விடியற்காலையில் திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களும் புறாமலைத் தீவுக்குப் போகிறவர்களும் இரவுச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னர்தான் படகு பேச நினைக்கிறார்கள். ஆகவே அந்த விடுதிகளுக்காக எழுதப்படும் பதிவுச் செயலிக்குப் பகல் முழுவதும் வராத கோரிக்கைகள் மாலை ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் மொத்தமாக வந்து சேரும். இத்தகைய செயலிகளை எழுதும் திருகோணமலை இளைஞர்கள் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: பைத்தன் மொழியின் இணையக் கட்டமைப்பான ஜாங்கோவில் வழக்கமான முறையிலேயே எழுதிவிடலாமா, திரெட்களை (ஒரே நிரலுக்குள் பக்கம் பக்கமாக ஓடும் இழைகளை) கூட்டலாமா, எல்லாவற்றையும் ஏசிங்க் முறைக்கு (ஒன்று காத்திருக்கும்போது அடுத்ததைக் கவனிக்கும் முறைக்கு) மாற்றி எழுத வேண்டுமா, அல்லது பின்னர் செய்ய வேண்டிய வேலைகளுக்குப் பணிவரிசை ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டுமா?

கேட்பவர்களில் பெரும்பாலானோர் ஏசிங்க் என்ற விடையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். அது பல வேளைகளில் தவறான விடை என்பது என் கருத்து. ஆனால் அதைக் காட்டுவதற்கு, எதை வைத்து அளக்கிறோம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

## எவற்றை வைத்து அளப்பது

முதலாவதும் மற்றெல்லாவற்றையும் விட முக்கியமானதுமான அளவுகோல், ஒரு கோரிக்கை தன் நேரத்தை எங்கே செலவிடுகிறது என்பதாகும். சேவையகம் உண்மையில் கணக்கிட்டு உழைத்துக்கொண்டிருக்கும் நேரம் வேறு. வெளியே ஒருவரின் பதிலுக்காகச் சும்மா காத்திருக்கும் நேரம் வேறு. இரண்டையும் ஒரே எண்ணாகப் பார்த்து "என் தளம் ஐந்து விநாடி எடுக்கிறது" என்று சொன்னால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

இரண்டாவது, உச்ச நேரத்தில் விநாடிக்கு எத்தனை கோரிக்கைகள் வருகின்றன என்பது. ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும் கோரிக்கைகளின் சராசரி எண்ணிக்கை, விநாடிக்கு வருபவற்றின் எண்ணிக்கையை ஒவ்வொன்றும் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய இந்த விதி வங்கி வரிசைக்கும் பொருந்தும், நம் சேவையகத்துக்கும் பொருந்தும். கட்டுரை முழுவதிலும் நான் பயன்படுத்தப் போகும் ஒரே கணக்கு இதுதான்.

மூன்றாவது, மறுமுனையில் இருப்பவரின் இணைப்பு. விடுதி வரவேற்பறையில் இருப்பவர் கடவுச்சீட்டைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பும்போது, சமிக்ஞை மெலிந்திருந்தால் மூன்று மெகாபைட் படம் வந்து சேர ஒரு நிமிடத்துக்கு மேலாகலாம். அந்த ஒரு நிமிடத்தையும் நம் பக்கத்தில் யார் காத்திருந்து கழிக்கிறார் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

நான்காவது, பிழை நேரும்போது என்ன தொலைகிறது என்பது. ஐந்தாவது, இரவு ஒன்பது மணிக்குச் செயலி நின்றுபோனால் அதை யார் திருத்துவார், அவருக்கு அந்த முறை விளங்குமா என்பது. ஒருவரோ இருவரோ சேர்ந்து பராமரிக்கும் செயலிக்கு இந்த ஐந்தாவது அளவுகோல் வேகத்தைவிடப் பெரியது. நினைவகச் செலவும் உண்டு. அதை ஒவ்வொரு வழியிலும் பார்க்கலாம்.

## ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்

இரண்டு கோர் (தனித்தனியே உழைக்கும் கணிப்பு அலகு) கொண்ட சிறிய சேவையகம் ஒன்றில் நமது பதிவுச் செயலி ஓடுகிறது என்று கொள்வோம். ஒருவர் "பதிவு செய்" பொத்தானை அழுத்தியதும், தரவுத்தளத்தில் இருக்கை பார்த்து எழுத 50 மில்லி விநாடி, பேமன்ட் கேட்வேயிடமிருந்து (அட்டைப் பணத்தை வாங்கித் தரும் வெளிச் சேவை) பதில் வர 3 விநாடி, குறுஞ்செய்தி அனுப்பும் சேவையிடமிருந்து பதில் வர 1.15 விநாடி, பயணச்சீட்டை பிடிஎஃப் ஆக்க 0.8 விநாடி. மொத்தம் 5 விநாடி. இவற்றில் பிடிஎஃப் மட்டுமே நம் சேவையகம் உண்மையில் உழைக்கும் நேரம். மற்றவை ஏறக்குறைய முழுவதும் காத்திருப்பு. உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 40 பதிவுகள் வருகின்றன, அதாவது விநாடிக்கு 0.67. இந்த எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களை நீங்கள் அளந்து இவற்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

## வழி 1: கோரிக்கைக்கு ஒரு புரொசஸ்

செயலியை ஓட்டும் மென்பொருள்களில், பைத்தன் உலகில் கனிகோர்ன், பிஎச்பி உலகில் எஃப்பிஎம் ஆகியவை பின்பற்றும் பழைய முறை இது. சில வேர்க்கர் புரொசஸ்கள் (செயலியின் தனித்தனியே ஓடும் பிரதிகள்) முன்கூட்டியே எழுப்பப்பட்டு நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டும் ஏற்று, அதை முடித்த பின்னரே அடுத்ததைத் தொடும். கனிகோர்னின் ஆவணம் கோர் எண்ணிக்கையின் இரு மடங்குடன் ஒன்றைக் கூட்டி வைக்கச் சொல்கிறது. நமது இரண்டு கோருக்கு அது ஐந்து வேர்க்கர். அந்த எண்ணை நாமாக எழுதாவிட்டால் கனிகோர்ன் ஒரே வேர்க்கருடன்தான் எழும்பும். செயலி மந்தமாக இருக்கிறது என்று என்னிடம் கொண்டு வந்தவர்களில் சிலருடைய நோய் இந்த ஒன்று மட்டுமே.

ஐந்து வேர்க்கர், ஒவ்வொரு பதிவும் ஐந்து விநாடி; ஆகவே விநாடிக்கு ஒரு பதிவு. தேவை 0.67. போதும் போலத் தோன்றும். ஆனால் அன்று மாலை கேட்வே மந்தமாகி 3 விநாடிக்குப் பதிலாக 12 விநாடி எடுத்தால் ஒவ்வொரு பதிவும் 14 விநாடியாகிறது. ஐந்து வேர்க்கர்களால் விநாடிக்கு 0.36 பதிவுதான் முடியும். மிச்சம் நிமிடத்துக்குப் பதினெட்டு, பத்தொன்பது என்று வரிசையில் சேர்கிறது. படகு நேரங்களைப் பார்க்க மட்டும் வந்தவரும், 20 மில்லி விநாடியில் முடியக்கூடிய தம் கோரிக்கையுடன் அதே வரிசையின் கடைசியில் நிற்கிறார். நம் பக்கத்தில் எந்தப் பிழையும் இல்லாமலே முழுத் தளமும் உறைந்துபோகும்.

மறைந்திருக்கும் செலவு இதைவிடக் கொடியது. கனிகோர்னின் இந்த முறையில் வேர்க்கர் ஒன்று 30 விநாடிக்கு மேல் பேசாமல் இருந்தால் அது கொல்லப்பட்டுப் புதிதாக எழுப்பப்படும். கேட்வே பணத்தை எடுத்துவிட்டு 31ஆவது விநாடியில் பதில் சொன்னால், அந்தப் பதிலைக் கேட்க ஆளிருக்காது. பணம் போய்விட்டது, பதிவு இல்லை. எல்லையை 120 விநாடியாகக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள், கோரிக்கைகளை முதலில் வாங்கிப் பின்னால் அனுப்பும் வாசல் சேவையகமான என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 விநாடி பதிலின்றிப் போனாலே 504 (கால எல்லை கடந்தது) என்று சொல்லிக் கதவை மூடிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மெல்லிய இணைப்புகளைப் பொறுத்தவரை இந்த முறைக்கு என்ஜின்எக்ஸ் போன்ற ஒன்று முன்னால் நிற்பது கட்டாயம். அது இயல்பாகவே கோரிக்கை முழுவதையும் தான் வாங்கிச் சேர்த்துவிட்டுத்தான் பின்னால் அனுப்புகிறது. ஆகவே கடவுச்சீட்டுப் படம் வந்து சேரும் அந்த ஒரு நிமிடத்தை என்ஜின்எக்ஸ் கழிக்கிறது, வேர்க்கர் கழிப்பதில்லை. அதை எடுத்துவிட்டு வேர்க்கரை நேரடியாக வெளியே காட்டினால், மெலிந்த சமிக்ஞையில் படம் அனுப்பும் ஐந்து பேர் போதும், தளத்தை நிறுத்திவிடுவார்கள். என்ஜின்எக்ஸ் இயல்பில் ஒரு மெகாபைட்டுக்கு மேற்பட்ட உள்ளடக்கம் கொண்ட கோரிக்கையை 413 (மிகப் பெரியது) என்று திருப்பியும் அனுப்பும். அந்த எல்லையையும் கூட்டி வையுங்கள்.

இத்தனை குறைகளுக்குப் பின்னரும் நான் இந்த வழியை மதிக்கிறேன். ஒரு வேர்க்கர் விழுந்தால் ஒரு கோரிக்கைதான் விழும். குறிமுறை மேலிருந்து கீழாக வாசிக்கிறபடியே ஓடும். பிழைத் தடத்தைப் பார்த்தால் எந்த வரியில் நின்றது என்பது படித்து முடித்து ஆறு மாதமான ஒருவருக்கும் விளங்கும். கோரிக்கைகள் எல்லாம் அரை விநாடிக்குள் முடிகிற, வெளிச் சேவை எதையும் கோரிக்கைக்குள் வைத்து அழைக்காத செயலிக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

## வழி 2: ஒவ்வொரு புரொசஸுக்குள்ளும் பல திரெட்

அதே கனிகோர்னில் ஒரு அமைப்பை மாற்றினால் ஒவ்வொரு வேர்க்கரும் எட்டு திரெட்களுடன் ஓடும். ஐந்து வேர்க்கர், எட்டு திரெட். ஒரே நேரத்தில் 40 கோரிக்கைகள். வழக்கமான பைத்தனில் ஜிஐஎல் பூட்டு இருப்பதால் ஒரு புரொசஸுக்குள் ஒரு நேரத்தில் ஒரு திரெட்தான் பைத்தன் குறிமுறையை ஓட்ட முடியும் என்பது உண்மை. ஆனால் வெளியே பதிலுக்காகக் காத்திருக்கும் திரெட் அந்தப் பூட்டை விட்டுவிடுகிறது. நமது ஐந்து விநாடியில் நான்குக்கு மேல் காத்திருப்புத்தான். எனவே திரெட்கள் இங்கே உண்மையில் உதவுகின்றன.

கணக்கைப் பாருங்கள்: 40 இடங்களை 5 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 8 பதிவு. ஆனால் ஒவ்வொரு பதிவும் 0.8 விநாடி பிடிஎஃப் உழைப்பைக் கேட்கிறது. இரண்டு கோரால் விநாடிக்கு 2.5க்கு மேல் அதைச் செய்ய முடியாது. கேட்வே 12 விநாடி எடுத்தாலும் இந்த 2.5 குறைவதில்லை, ஏனெனில் காத்திருக்கப் போதிய இடம் இருக்கிறது. முதல் வழியை உறையவைத்த மாலையை இந்த வழி தாங்கிக்கொள்கிறது, அதுவும் குறிமுறையில் ஒரு வரியும் மாற்றாமல். திரெட்களைப் பற்றி யாரும் ஆர்வத்தோடு பேசுவதில்லை என்பதற்காக இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது, தரவுத்தள இணைப்புகள். ஜாங்கோவில் ஒவ்வொரு திரெட்டும் தனக்கென ஓர் இணைப்பை வைத்துக்கொள்ளும்; 40 திரெட் என்றால் 40 இணைப்பு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயல்பாக 100 இணைப்புகளைத்தான் அனுமதிக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தன் பக்கத்தில் ஒரு புரொசஸை எழுப்புகிறது. இன்னொரு சேவையகத்தைச் சேர்த்து, திரெட்டையும் இரட்டிப்பாக்கினால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். இரண்டாவது, பொதுவில் வைக்கப்பட்ட மாறிகள். "தற்போதைய பயனர்" என்பதைக் கோப்பின் தலையில் ஒரு மாறியாக எழுதி வைத்திருந்த குறிமுறை, முதல் வழியில் ஆண்டுக்கணக்கில் தவறின்றி ஓடிவிட்டு, திரெட்களைத் திறந்த அன்றே ஒருவருடைய பதிவை இன்னொருவருக்குக் காட்டக்கூடும். மூன்றாவது, மேலே சொன்ன 30 விநாடி எல்லை இங்கே ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொருந்தாது. வேர்க்கர் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. ஆகவே வெளியே செல்லும் ஒவ்வோர் அழைப்புக்கும் நீங்களே கால எல்லை எழுதாவிட்டால், ஒரு திரெட் பதில் வராத சேவைக்காக மணிக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும்.

## வழி 3: ஏசிங்க் முறை

இங்கே ஒரு புரொசஸில் ஓர் இவென்ட் லூப் சுழன்றுகொண்டிருக்கும். ஒரு கோரிக்கை வெளியே பதிலுக்காகக் காத்திருக்கத் தொடங்கியதும் லூப் அடுத்த கோரிக்கையிடம் போய்விடும். பதில் வந்ததும் திரும்பி வரும். காத்திருப்பவருக்குத் தனித் திரெட்டும் வேண்டாம், தனிப் புரொசஸும் வேண்டாம். ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் திறந்து வைத்திருப்பதற்கு ஆகும் நினைவகம் மிகக் குறைவு. என்ஜின்எக்ஸ் இந்த எண்ணத்தில்தான் கட்டப்பட்டது. 2009இல் வந்த நோட் ஜேஎஸ் இதைச் செயலி எழுதுவோர் கைக்குக் கொண்டுவந்தது. பைத்தனுக்கு இதற்கான தனிச் சொற்கள் 2015இல் 3.5 பதிப்புடன் வந்தன. ஜாங்கோ 2020இல் 3.1 பதிப்பில் ஏசிங்க் வியூக்களை (கோரிக்கைக்குப் பதில் தயாரிக்கும் செயற்கூறுகளை) அனுமதித்தது.

இந்த முறையின் ஒப்பந்தம் ஒன்றே: லூப்பை யாரும் மறிக்கக் கூடாது. நமது எடுத்துக்காட்டில் பிடிஎஃப் ஆக்கும் 0.8 விநாடி அந்த ஒப்பந்தத்தை முறிக்கிறது. அந்த 0.8 விநாடியில் அந்தப் புரொசஸிலுள்ள எல்லாக் கோரிக்கைகளும், அவை எத்தனை நூறாக இருந்தாலும், அப்படியே நிற்கும். ஒரே புரொசஸ் என்றால் விநாடிக்கு 1.25 பதிவுக்கு மேல் போக முடியாது, திரெட் வழியில் கிடைத்த 2.5இன் பாதி. ஏசிங்க் என்றால் வேகம் என்று நம்பி மாறியவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. உள்ளே எங்கோ ஆழத்தில் பழைய முறையில் வலையை அழைக்கும் ஒரு லைப்ரரி இருந்தாலும் இதே கதிதான். அதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனெனில் மந்தமாவது அந்தப் பக்கம் மட்டுமல்ல. எல்லாப் பக்கங்களும் ஒன்றாக மந்தமாகும்.

ஜாங்கோவில் எழுதுகிறவர்கள் இன்னும் இரண்டைத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கையும் கடந்து செல்லும் இடைநிலைப் பகுதிகளான மிடில்வெயர்களில் ஒன்றாவது பழைய முறையில் இருந்தால், ஜாங்கோ ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு திரெட்டை எடுத்துத்தான் அதை ஓட்டும். ஏசிங்க்கின் பயன் பெருமளவு போய்விடும். இரண்டாவது, 5 வரிசைப் பதிப்புகள் வரை தரவுத்தளப் பரிவர்த்தனைகள் (முழுவதும் நடக்கும் அல்லது ஒன்றுமே நடக்காத எழுத்துத் தொகுதிகள்) ஏசிங்க் முறையில் இயங்கா. அந்தப் பகுதியை வழக்கமான செயற்கூறாக எழுதி, திரெட்டில் ஓட்டும்படி ஆவணமே சொல்கிறது. இருக்கை ஒதுக்குவது என்பது பரிவர்த்தனையே அன்றி வேறென்ன? செயலியின் இதயம் எதுவோ அதையே திரெட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு மற்றதையெல்லாம் ஏசிங்க்காக எழுதுவதற்கு நல்ல காரணம் வேண்டும்.

பைத்தனின் இன்னொரு கட்டமைப்பான ஃபாஸ்ட்ஏபிஐயைத் தெரிந்தெடுப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. சாதாரணச் செயற்கூறாக எழுதினால் அது திரெட் குழுவுக்குப் போகும். அந்தக் குழுவின் இயல்பான அளவு 40. ஏசிங்க் என்று அறிவித்து எழுதினால் அது லூப்பிலேயே ஓடும். ஆகவே ஏசிங்க் என்று அறிவித்துவிட்டு உள்ளே மறிக்கும் அழைப்பைச் செய்வதைவிட, ஒன்றும் அறிவிக்காமல் சாதாரணமாக எழுதுவதே பாதுகாப்பானது. எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தச் சொல்லைச் சேர்ப்பது முன்னேற்றம் என்று நினைத்துச் செய்யப்படும் மாற்றம் செயலியைப் பின்னுக்கு இழுக்கிறது.

இன்னொரு செலவு அதிகம் பேசப்படாதது. முதல் இரண்டு வழிகளிலும் இடம் நிரம்பிவிட்டால் புதியவர் வாசலில் நிற்பார். ஏசிங்க் முறை எல்லோரையும் உள்ளே எடுத்துவிடும். பிறகு எல்லோரும் தரவுத்தளத்தின் சில இணைப்புகளுக்காக உள்ளே நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். எத்தனை பேரை ஏற்பது என்ற எல்லையை நீங்களே எழுதி, அதற்கு மேல் வருபவருக்கு 503 (இப்போது ஏற்க முடியாது) என்றும் எப்போது திரும்ப வரலாம் என்றும் சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஏசிங்க் எப்போது சரியான தெரிவு? வாடிக்கையாளரின் இணைப்பு நெடுநேரம் திறந்தே இருக்க வேண்டியபோது. அரட்டை, நேரடி வரைபடத்தில் படகு நகர்வதைக் காட்டுவது, மொழி மாதிரியின் பதிலைச் சொல் சொல்லாக அனுப்புவது ஆகியவற்றுக்கு முதல் இரண்டு வழிகளும் பொருந்தா. ஆனால் இங்கேயும் கணக்குப் பாருங்கள். அறுபது விடுதிகளின் திரைகளில் மிச்ச இருக்கைகளைக் காட்ட வேண்டும் என்று ஒரு தம்பி வெப்சொக்கெட் (எப்போதும் திறந்திருக்கும் இருவழி இணைப்பு) எழுதத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு திரையும் 20 விநாடிக்கு ஒரு தடவை கேட்டால் விநாடிக்கு மூன்று கோரிக்கை; ஒவ்வொன்றும் 20 மில்லி விநாடி; ஒரு வேர்க்கரின் நேரத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு. அவ்வளவுதான் செலவு. நாளைக் காலைப் படகுக்கு 20 விநாடி பழைய எண்ணிக்கை எந்தக் கெடுதலும் செய்யாது, ஏனெனில் பதிவின்போது தரவுத்தளம் எப்படியும் மீண்டும் சரிபார்க்கும்.

## வழி 4: ஏற்றுக்கொண்டு, பிறகு செய்தல்

முதல் மூன்று வழிகளும் ஐந்து விநாடி வேலையை எப்படித் தாங்குவது என்று பார்க்கின்றன. நான்காவது வழி, அந்த ஐந்து விநாடியும் கோரிக்கைக்குள் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. இருக்கையைப் பிடித்து எழுதுவது மட்டும் கோரிக்கைக்குள் நடக்கும். குறுஞ்செய்தியும் பிடிஎஃப்பும் பணிவரிசையில் எழுதப்பட்டு, வேறொரு புரொசஸ் அவற்றைச் செய்யும். எச்டிடிபியில் 202 என்ற நிலைக்குறி இதற்காகவே இருக்கிறது: ஏற்றுக்கொண்டோம், இன்னும் முடிக்கவில்லை. பணம் செலுத்துவதும் பெரும்பாலும் கோரிக்கைக்குள் இருக்கத் தேவையில்லை. பயனரைக் கேட்வேயின் பக்கத்துக்கு அனுப்பிவிட்டு, பணம் சேர்ந்த செய்தியைக் கேட்வே பின்னர் நம் சேவையகத்துக்குத் தனிக் கோரிக்கையாக அறிவிக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பதிவுக் கோரிக்கை 60 மில்லி விநாடியில் முடிகிறது. அதே ஐந்து சாதாரண வேர்க்கர்கள் கணக்கின்படி விநாடிக்கு எண்பதுக்கு மேல் ஏற்கலாம். நடைமுறையில் தரவுத்தளம் அதற்கு முன்னரே கையை உயர்த்தும், ஆயினும் நமது 0.67க்கு அது எத்தனையோ மடங்கு. கேட்வே மந்தமானாலும் படகு நேரம் பார்க்க வந்தவர் காத்திருப்பதில்லை. பிடிஎஃப் சற்றுப் பிந்தலாம். படகு விடியற்காலையில்தானே புறப்படுகிறது.

செலவுகளை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பணிவரிசை வேலைகளைச் செய்யும் செலரியும், அந்த வரிசையைத் தாங்கும் ரெடிஸும் வந்தால், ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டியவை இரண்டு கூடுகின்றன. செலரி இயல்பாக வேலையைத் தொடங்கும் முன்னரே அதை வாங்கிவிட்டதாக ஒப்புக்கொள்கிறது. நடுவில் புரொசஸ் விழுந்தால் அந்த வேலை சத்தமின்றித் தொலையும். பிந்திய ஒப்புதலாக மாற்றி, புரொசஸ் விழுந்தால் வேலையை வரிசைக்குத் திருப்பும் அமைப்பையும் சேர்த்தால் தொலையாது, ஆனால் இரண்டு தடவை செய்யப்படலாம். பரிவர்த்தனை முடியும் முன்னர் வரிசையில் போட்டுவிட்டால், வேலையை எடுத்த புரொசஸ் தரவுத்தளத்தில் அந்தப் பதிவைத் தேடி "இல்லை" என்று திரும்பும். பரிவர்த்தனை உறுதியான பின்னர் மட்டும் வரிசையில் போடும் வசதி ஜாங்கோவில் உண்டு, அதையே பயன்படுத்துங்கள். திரையில் எழுதும் சொல்லும் மாற வேண்டும்: பணம் சேரும் வரை "பதிவு கிடைத்தது" என்றுதான் சொல்லலாம், "பதிவு உறுதி" என்று சொல்லக் கூடாது. இந்த வேறுபாட்டை விடுதிக்காரருக்கு விளக்குவது குறிமுறை எழுதுவதைவிட அதிக நேரம் எடுத்தது.

சிறிய செயலிகளுக்கு நான் ரெடிஸைக்கூடச் சொல்வதில்லை. போஸ்ட்கிரெஸ் 9.5 பதிப்பு முதல், ஒருவர் பூட்டிவைத்த அட்டவணை வரிகளைத் தாண்டி அடுத்ததை எடுக்கும் வசதி இருக்கிறது. ஓர் அட்டவணையில் வேலைகளை எழுதி, ஒரு சிறு புரொசஸ் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்தால் போதும். பதிவும் வேலையும் ஒரே பரிவர்த்தனையில் எழுதப்படுவதால் மேலே சொன்ன முந்திக்கொள்ளும் பிழையும் எழாது, காப்புப் பிரதியும் ஒன்றே.

## பக்கம் பக்கமாக

| அளவுகோல் | புரொசஸ் | திரெட் | ஏசிங்க் | பணிவரிசை |
|---|---|---|---|---|
| வெளிச் சேவை மந்தமானால் | தளமே உறையும் | நன்கு தாங்கும் | மிக நன்கு தாங்கும் | கோரிக்கை அறியவே அறியாது |
| சேவையகத்தின் கடும் உழைப்பு | கோர் அளவுக்குத் தாங்கும் | கோர் அளவுக்குத் தாங்கும் | எல்லோரையும் மறிக்கும் | வேறிடத்தில் நடக்கும் |
| நெடுநேரம் திறந்த இணைப்பு | முடியாது | சில பத்து | ஆயிரக்கணக்கில் | தொடர்பில்லை |
| நினைவகம் | அதிகம் | நடுத்தரம் | குறைவு | மேலதிகப் புரொசஸ் வேண்டும் |
| பிழை நேர்ந்தால் | ஒரு கோரிக்கை போகும் | ஒரு வேர்க்கரின் திரெட்கள் போகும் | லூப்பிலுள்ள எல்லாம் போகும் | வேலை தொலையலாம் அல்லது இரட்டிக்கலாம் |
| புதியவருக்கு விளங்குமா | எளிது | பெரும்பாலும் எளிது | கடினம் | பகுதிகள் கூடும், ஒவ்வொன்றும் எளிது |

## எந்த வழியும் தீர்க்காத ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன்னர், முதல் வழியில் எழுதிய என் செயலி ஒன்று ஒரு விடுதியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாலை வெளிச் சேவை மந்தமாகி, வரவேற்பறைத் திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. மறுநாள் விடிய, பன்னிரண்டு பேருக்கான படகின் முன்னால் மணலில் பதினைந்து பேர் நின்றார்கள். அதே நேரம் வேறொரு படகில், நான்கு பேருடைய குடும்பம் ஒன்றின் பெயரில் மூன்று பதிவுகள், எட்டு இருக்கைகள் வெறுமையாக. வரவேற்பறைத் தங்கச்சியிடம் கேட்டேன். "அண்ணா, சுத்திக்கொண்டே இருந்தது, அதான் திரும்பத் திரும்ப அமத்தினேன்" என்றார். அவர் மீது ஒரு பிழையும் இல்லை. பதில் வராதபோது யாரும் செய்வதையே அவர் செய்தார். அதை எதிர்பார்த்து எழுதாதது என் பிழை.

மூன்று கோரிக்கைகளும் வேர்க்கர்களிடம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, ஒழுங்காக மூன்று பதிவுகளை எழுதியிருந்தன. பதினைந்து பேர் நின்றதற்குக் காரணம் வேறு: இருக்கை இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் பணம் செலுத்தும் அழைப்பை வைத்திருந்தேன். அந்த இடைவெளியில் இன்னொருவரும் அதே இருக்கையைக் காலி என்று பார்த்திருந்தார். திரெட்டோ ஏசிங்க்கோ வைத்திருந்தால் இன்னும் அதிகமானோர் அந்த இடைவெளிக்குள் நுழைந்திருப்பார்கள். கோரிக்கைகளை வேகமாக உள்ளே எடுக்கும் வழி எதுவோ, அதுவே இந்தப் பிழையையும் வேகமாக்கும்.

திருத்தம் இரண்டு பகுதி. படிவம் திறக்கும்போதே அதற்கொரு தனித்த திறவெண் உருவாக்கப்பட்டு, பதிவுடன் சேர்ந்து வரும். தரவுத்தளத்தில் அந்தத் திறவெண்ணுக்குத் தனித்தன்மைக் கட்டுப்பாடு உண்டு. எத்தனை தடவை அழுத்தினாலும் இரண்டாவது முதல் பழைய பதிவே திரும்பக் காட்டப்படும். கேட்வே தன் அறிவிப்பை மீண்டும் மீண்டும் அனுப்பினாலும் இதே ஏற்பாடு காக்கும். அடுத்தது, இருக்கையைச் சிறு பரிவர்த்தனை ஒன்றில் பத்து நிமிடத்துக்குத் தற்காலிகமாகப் பிடித்து உறுதிசெய்துவிட்டுத்தான் பணம் கேட்பது. பரிவர்த்தனையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்வேக்காகக் காத்திருந்தால், இரட்டைப் பதிவு நேராது. ஆனால் அந்தப் படகை நாடும் அத்தனை பேரும் ஒரு பூட்டுக்குப் பின்னால் நிற்பார்கள்.

## யாருக்கு எது

ஒரே விடுதியின் தளம், அறைகளைக் காட்டுவதும் விசாரணைப் படிவம் ஒன்றும் மட்டும் என்றால், முதல் வழி, முன்னால் என்ஜின்எக்ஸ். அதற்கு மேல் எதுவும் வீண் செலவு.

ஏற்கெனவே எழுதி ஓடும் செயலி வெளிச் சேவைகளால் மூச்சுத் திணறுகிறது, பருவம் தொடங்கிவிட்டது, மாற்றி எழுத நேரமில்லை என்றால், இன்றே திரெட்களைத் திறவுங்கள். வெளியே போகும் ஒவ்வோர் அழைப்புக்கும் கால எல்லை எழுதுங்கள். பொது மாறிகளைத் தேடிப் பாருங்கள். பருவம் முடிந்து வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களில் படகுகள் கரையேறியிருக்கும்போது பணிவரிசைக்கு நகரலாம்.

பல விடுதிகளும் பல படகுக்காரர்களும் சேரும் பதிவுச் செயலியைப் புதிதாகத் தொடங்குபவருக்கு என் தெரிவு, வழக்கமான முறையில் எழுதிய ஜாங்கோ, ஒவ்வொரு வேர்க்கருக்கும் சில திரெட், போஸ்ட்கிரெஸ் அட்டவணையிலேயே பணிவரிசை. நேரடி வரைபடமோ அரட்டையோ உண்மையிலேயே தேவைப்படும் நாளில், அந்த ஒரு பகுதியை மட்டும் தனி ஏசிங்க் சேவையாகப் பக்கத்தில் எழுப்புங்கள். பதிவும் பணமும் இருக்கும் பகுதியைத் தொடாதீர்கள்.

இவற்றுள் எதைத் தொடங்கும் முன்னரும் என்ஜின்எக்ஸின் பதிவேட்டில் இரண்டு எண்களைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: கோரிக்கைக்கு ஆன மொத்த நேரம், அதில் பின்னால் நிற்கும் செயலி பதிலளிக்க எடுத்த நேரம். ஒரு வார மாலைகளை எடுத்துப் பார்த்தால், இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும் வரிகளில் நேரம் போனது வாடிக்கையாளரின் இணைப்பில். நான்கு வழிகளில் எதுவும் அதைக் குறைக்காது, படத்தைக் கைபேசியிலேயே சுருக்கி அனுப்பவைப்பதுதான் குறைக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக, இரண்டுமே பெரிதாக இருந்தால், காத்திருப்பு உங்கள் குறிமுறைக்குள் இருக்கிறது. மேலே உள்ள அட்டவணை அந்த வரிகளுக்கு உரியது.